சிரட்டைக் கரியும் நனோக் குழாயும்: பற்றிப் பிடிக்கும் இரு பரப்புகள்

வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் சமையலறைக் குழாயோடு பொருத்தியிருக்கும் தண்ணீர் வடிகட்டியைக் கழற்றினால் உள்ளிருந்து கறுப்பு மணிகள் கொட்டும். பெரும்பாலும் அவை தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு, நீராவியால் உயிர்ப்பூட்டிய கரி. ஆய்வுகூடங்களில் சிறு கண்ணாடிக் குப்பிகளுக்குள் இன்னொரு கறுப்புத் தூள் இருக்கிறது. வெறுங்கண்ணுக்கு அது விளக்குப் புகைபடிந்த கரி போலவே தெரியும். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் காபன் நனோக் குழாய். முன்னதை மூட்டையாக விற்கிறார்கள், பின்னதைக் கிராமில் நிறுத்து விற்கிறார்கள்.

இரண்டும் காபன் அணுக்கள் அறுகோணங்களாகப் பின்னிய தகடுகளால் ஆனவை. பிற மூலக்கூறுகளைத் தம் பரப்பில் பற்றிப் பிடிக்கும் திறனால்தான் இரண்டுக்கும் பெரும் மதிப்பு. ஆனால் கரியில் அந்தத் தகடுகள் கசங்கி, முறிந்து, திசைகெட்டுக் கிடக்கின்றன. குழாயில் அதே தகடு ஓர் அணுவும் பிசகாமல் சுருண்டு உருளையாக நிற்கிறது. ஒழுங்கற்ற பரப்பு, ஒழுங்கான பரப்பு இரண்டில் எது நன்றாகப் பற்றும்? ஒழுங்கானதே என்று மனம் உடனே சொல்லும். சற்றுப் பொறுத்து, இரண்டையும் அருகருகே வைத்து எடை போட்டுப் பார்க்கலாம்.

பிறப்பிலிருந்தே தொடங்குவோம். குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களின் தென்னந்தோட்டங்களிலிருந்து வரும் சிரட்டைக் கரி, 800 முதல் 1,000 பாகை செல்சியஸ் வரையான வெப்பத்தில் நீராவியோடு சேரும்போது அதன் ஒரு பகுதி அரிக்கப்பட்டுக் காபனோரொட்சைட்டாக வெளியேறுகிறது. வெளியேறிய காபன் விட்டுச்சென்ற வெற்றிடமே நுண்துளை. நனோக் குழாயைப் பெருமளவில் வளர்க்க ரைஸ் பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மோலியின் குழு 1999இல் வெளியிட்ட முறையோ காபனோரொட்சைட்டிலிருந்து தொடங்குகிறது. உயர் அமுக்கத்தில், ஏறத்தாழ அதே வெப்பத்தில், இரும்புத் துணிக்கைகளின்மேல் அந்த வாயு சிதைந்து காபனைப் படியவிடுகிறது. படிந்த காபன் குழாயாக நீள்கிறது. கரியில் காபன் போகும் வழியில் பரப்பு உண்டாகிறது. குழாயில் காபன் வரும் வழியில் பரப்பு உண்டாகிறது. வாயு ஒன்றே, உலையின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றே, திசை மட்டும் நேரெதிர்.

இந்த உறவுக்கு மனித முகம் ஒன்றும் உண்டு. கரியின் மிக நுண்ணிய துளைகளில் வாயு எப்படி நிரம்புகிறது என்பதைக் கணிக்க இன்றும் உலகமெங்கும் பயன்படும் சமன்பாட்டை 1947இல் வெளியிட்டவர்கள் டுபினின், ராடுஷ்கேவிச் என்னும் இரு சோவியத் வேதியியலாளர்கள். அதே ராடுஷ்கேவிச் 1952இல் லுக்கியானோவிச் என்பவருடன் சேர்ந்து இன்னொரு கட்டுரை எழுதினார். இரும்பின்மேல் காபனோரொட்சைட்டைச் சிதைத்தபோது கிடைத்த காபன், உள்ளே பொள்ளலான நுண் இழைகளாக இருப்பதை இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படங்களோடு அதில் காட்டினார். ஜப்பானில் சுமியோ இஜிமா 1991இல் வெளியிட்ட படங்களே நனோக் குழாயை உலகறியச் செய்தன. அதற்கு ஏறக்குறைய 40 ஆண்டுகளுக்கு முன்னரே பொள்ளல் குழாயைப் படம்பிடித்த கை, கரித்துளைக்குச் சமன்பாடு எழுதிய கைதான். ரஷ்ய மொழியில் வந்த அக்கட்டுரை மேற்கே பரவவில்லை, பனிப்போர்க் காலம். கரியைப் படித்தவரே குழாயையும் கண்டார் என்பதில் வியப்பதற்கும் அதிகம் இல்லை. பொள்ளலான காபனைத் தேடிப் பழகிய கண் அது.

உறவு அணுக்களிலும் தொடர்கிறது. சில காபன்கள் எவ்வளவு சுட்டாலும் காரீயமாக மாறுவதில்லை என்று 1951இல் வகைப்படுத்திக் காட்டியவர் ரோசலிண்ட் பிராங்ளின். டிஎன்ஏ ஆய்வால் அவர் பெயர் பெறுவதற்கு முந்திய வேலை அது. சிரட்டைக் கரியும் அந்த வகையைச் சேர்ந்ததே. தகடுகளை இணைந்து படுக்கவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விக்கு, பீற்றர் ஹாரிஸ் என்னும் பிரித்தானிய ஆய்வாளர் ஐங்கோணங்களைக் காரணம் சொன்னார்: அறுகோணப் பின்னலில் இடையிடையே ஐங்கோணம் விழுந்தால் தகடு வளைந்தே தீரும். 2008இல் அவரும் ஜப்பானிய ஆய்வாளர்களும் உயிர்ப்பூட்டிய கரிக்குள் ஐங்கோண வளையங்களை நுணுக்குக்காட்டியில் காட்டினர். நனோக் குழாயின் முனை மூடிக்கொள்வதும் ஐங்கோணங்களால்தான். ஒவ்வொரு முனையிலும் சரியாக 6 வேண்டும். ஆக, கரியைக் கசக்குவதும் குழாய்க்கு மூடி போடுவதும் ஒரே பிழை. குழாயில் அது எண்ணி வைத்ததுபோல் விழுகிறது. கரியில் கண்ட இடத்தில் விழுகிறது.

இனிப் பரப்பளவு. நல்ல சிரட்டைக் கரி ஒரு கிராமில் 1,000 சதுர மீற்றருக்குக் குறையாத பரப்பு உண்டு. கொழும்பில் காணி விற்கும் கணக்கில் சொன்னால் ஏறத்தாழ 40 பேர்ச், அதாவது கால் ஏக்கர். காலி வீதியோரம் அப்படியொரு துண்டு வாங்க எத்தனை கோடி வேண்டும் என்று வெள்ளவத்தைக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. கரிக்குள் அது சுண்டுவிரல் நுனியில் அடங்குகிறது. ஒற்றைச் சுவர் நனோக் குழாயின் வெளிப்புறத்தை மட்டும் கணக்கிட்டால் கிராமுக்கு 1,315 சதுர மீற்றர். முனைகளைத் திறந்து உட்புறத்தையும் சேர்த்தால் அதன் இருமடங்கு, 2,630. ஆனால் இது ஏட்டுக் கணக்கு. உண்மையான குழாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்றையாகிவிடுவதால், அளந்து பார்க்கும்போது கிடைப்பது இதைவிடக் கணிசமாகக் குறைவு. எளிய கரி, பல சமயங்களில், விலையுயர்ந்த குழாயைப் பரப்பளவில் முந்திவிடுகிறது.

பரப்பு எவ்வளவு என்பதோடு பிடி எவ்வளவு என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டிலும் பிடிக்கும் விசை பெரும்பாலும் ஒன்றே: வந்தர்வாலின் விசை. மின்னேற்றம் இல்லாத அணுக்களுக்கிடையிலும் இலத்திரன்களின் கணநேர அசைவால் எழும் மெல்லிய கவர்ச்சி அது. ஓர் அணுவுக்கும் இன்னோர் அணுவுக்கும் இடையில் அது அற்பம். மூலக்கூறைச் சூழ எத்தனை காபன் அணுக்கள் நெருங்கி நிற்கின்றனவோ அத்தனைக்கும் கூட்டித்தான் அதன் வலுவைச் சொல்ல வேண்டும். தட்டையான காரீயப் பரப்பில் மூலக்கூறுக்கு ஒருபுறம் மட்டுமே காபன். கரியின் ஒடுங்கிய பிளவில் இருபுறமும் காபன். பிளவின் அகலம் மூலக்கூறோடு பொருந்திவிட்டால் பிடி ஏறக்குறைய இரட்டிக்கும். குழாயின் உட்புறத்தில் சுற்றிவரக் காபன், பிடி இன்னும் கூடும். அதே குழாயின் வெளிப்புறத்திலோ சுவர் மூலக்கூறிடமிருந்து விலகி வளைவதால், தட்டைப் பரப்பைவிடவும் பிடி குறைவு. ஒரே சுவருக்கு இரண்டு குணம். கரியின் பிடி துளையின் அகலத்தைச் சார்ந்தது. குழாயின் பிடி வளைவின் எந்தப் பக்கம் என்பதைச் சார்ந்தது. கூர்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே கேள்விக்குள் அடங்கும்: மூலக்கூறுக்கு எட்டும் தூரத்தில் எத்தனை காபன்?

குழாய்க் கற்றைகளில் நடத்திய அளவீடுகள் இதை இன்னும் வேடிக்கையாக்குகின்றன. கற்றையில் மூலக்கூறு தங்கக்கூடிய இடங்கள் நான்கு: திறந்த குழாயின் உட்புறம், மூன்று குழாய்கள் கூடும் இடுக்கு, கற்றையின் வெளிவிளிம்பில் இரு குழாய்கள் தொடுமிடத்துப் பள்ளம், எஞ்சிய வளைந்த வெளிப்பரப்பு. முனை மூடிய குழாய்களில் மெதேன், செனோன் போன்ற வாயுக்களை மெல்ல மெல்ல விட்டுப் பார்த்தால், முதலில் நிரம்புவது பள்ளம். அங்கே அவை ஒற்றை வரிசையாக அணிவகுக்கின்றன. அழகான வெளிப்பரப்பு பிறகுதான் நிரம்புகிறது. ஆய்வாளர்கள் அரும்பாடுபட்டு ஒழுங்காக்கிய சுவரைவிட, குழாய்கள் தாமாக ஒட்டிக்கொண்டதால் விளைந்த பள்ளமே மூலக்கூறுக்குப் பிடித்த இடம். அந்தப் பள்ளம் எது? இரு காபன் சுவர்களுக்கிடையிலான ஒடுங்கிய பிளவு. கரியில் நிறைந்து கிடப்பதும் அதுதான்.

ஐதரசன் கதை இந்த எடைபோடலின் நடுநாயகம். 1997இல் அமெரிக்காவில் டில்லன், ஹெபன் ஆகியோரின் குழு, நனோக் குழாய்கள் நிறையில் 5 முதல் 10 சதவீதம் வரை ஐதரசனைப் பிடிக்கக்கூடும் என்று மதிப்பிட்டு நேச்சர் இதழில் எழுதியது. ஐதரசனில் ஓடும் வாகனக் கனவு உடனே தொற்றிக்கொண்டது. அடுத்தடுத்து இன்னும் பெரிய எண்கள் வெளியாயின. மற்ற ஆய்வுகூடங்களில் அந்த எண்கள் திரும்ப வரவில்லை. 2001இல் ஜேர்மனியில் ஹிர்ஷரின் குழு ஒரு காரணத்தைக் கண்டது. குழாய்களை வெட்ட மீயொலிக் கோலைப் பயன்படுத்தியிருந்தார்கள். அந்தக் கோலின் டைட்டேனியக் கலப்புலோகம் தேய்ந்து மாதிரிக்குள் விழுந்திருந்தது. ஐதரசனைப் பெருமளவில் விழுங்கியது அந்த உலோகத் தூள். குழாயின் புகழில் பாதி, கோலுக்குச் சேர வேண்டியது.

குழப்பம் தெளிந்தபின் எஞ்சிய உண்மை எளிமையானது. காபன் பரப்பில் ஐதரசனின் பிடி மோலுக்கு 4, 5 கிலோயூல் அளவே. மிக ஒடுங்கிய துளையில் சற்றுக் கூடும். அறை வெப்பநிலையில் மூலக்கூறுகளின் வெப்ப அலைவே மோலுக்கு 2.5 கிலோயூல் அளவு இருக்கும்போது, அந்தப் பிடி நிற்காது. திரவ நைதரசனின் குளிரில், 77 கெல்வினில், நிற்கும். அப்போதும் எவ்வளவு ஐதரசன் தங்கும் என்பதைப் பரப்பளவே தீர்மானிக்கிறது: கிராமுக்கு ஒவ்வொரு 500 சதுர மீற்றருக்கும் ஏறத்தாழ 1 நிறைச் சதவீதம். கனடிய ஆய்வாளர் ரிச்சர்ட் ஷாஹின் பெயரால் வழங்கும் இந்த விதியின்படி வரைபு கீறினால், உயிர்ப்பூட்டிய கரியும் நனோக் குழாயும் ஒரே கோட்டின்மீது விழுகின்றன. ஒழுங்கு, ஒழுங்கின்மை என்ற வேறுபாட்டை ஐதரசன் கவனிக்கவே இல்லை.

இதில் இன்னொரு சுவையும் உண்டு. குளிர்ந்த கரி வாயுவைப் பிடிக்கும் என்பது பழைய செய்தி. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் ஜேம்ஸ் டூவர், திரவக் காற்றில் குளிர்வித்த தேங்காய்க் கரியை வைத்துக் குடுவைகளின் கடைசி வாயுத் துணுக்குகளையும் உறிஞ்சி, அக்காலத்தின் மிகச் சிறந்த வெற்றிடங்களை உண்டாக்கினார். முதல் உலகப் போரில் நச்சுவாயு முகமூடிகளுக்குத் தேங்காய்க் கரி போதாமல், 1918இல் அமெரிக்கர்கள் பீச் பழக் கொட்டைகளைச் சேகரிக்கும் இயக்கமே நடத்தினார்கள்.

தண்ணீரிடம் இரண்டும் நடந்துகொள்ளும் விதம், என் கணிப்பில், இந்த ஒப்பீட்டின் மிக அழகான பகுதி. சுத்தமான காபன் பரப்புக்கும் நீருக்கும் ஒட்டாது என்பது பாடநூல் கூற்று. கரி அதை உறுதிசெய்வதுபோலத்தான் தொடங்குகிறது. உலர்ந்த காற்றில் அது நீராவியைச் சட்டை செய்வதில்லை. காற்றின் ஈரப்பதன் 50, 60 சதவீதத்தை எட்டும்போது திடீரென்று நிரம்பத் தொடங்குகிறது. துளை விளிம்புகளில் ஒட்சிசன் கொண்ட சிறு கூட்டங்கள் இருக்கின்றன. முதல் நீர் மூலக்கூறு அங்கே ஐதரசன் பிணைப்பால் தொங்கும், அடுத்தது அதைப் பிடிக்கும், கொத்து வளரும், துளை அளவுக்கு வளர்ந்ததும் துளையையே நிரப்பிவிடும். கொழும்பின் காற்று பெரும்பாலான நாட்களில் 70 சதவீதத்துக்கு மேல் ஈரம் சுமப்பது. எனவே வெள்ளவத்தைக் கடற்கரையோரம் திறந்து வைத்த உயிர்ப்பூட்டிய கரியில் துளைகளின் கணிசமான பகுதியை ஏற்கெனவே தண்ணீர் குடியேறிப் பிடித்திருக்கும். குளிர்சாதனப் பெட்டியின் மணத்தை நீக்கக் கரிப்பை வாங்குவோர் அதைக் காற்றுப் புகாமல் வைத்துப் பயன்படுத்தும் நேரத்தில் திறப்பதே நல்லது.

குழாயும் அதே கூற்றைப் பொய்யாக்குகிறது, வேறு வழியில். 2001இல் ஹம்மரும் அவரது கூட்டாளிகளும் கணினியில் 0.8 நனோமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு குழாயை நீரில் மிதக்கவிட்டார்கள். நீர் உள்ளே வராது என்பதே பொது எதிர்பார்ப்பு. வந்தது, ஏறத்தாழ 5 மூலக்கூறுகள் ஒற்றை வரிசையாக, ஒன்றின் கையை ஒன்று பற்றியபடி, குழாயை நிரப்பி நின்றன. வெளியே நான்கு பிணைப்புகள் வரை கொண்டிருந்த மூலக்கூறு உள்ளே இரண்டோடு திருப்திப்பட்டது. ஒட்சிசன் கூட்டம் என்ற பிடிமானமே இல்லாத வழுவழுப்பான சுவர் என்பதால் அந்த வரிசை தடையின்றி வழுக்கியும் ஓடியது. கரியில் தண்ணீர் நுழைவது பரப்பின் மாசுகளால். குழாயில் தண்ணீர் விரைவது பரப்பில் மாசு இல்லாததால்.

இதுவரை சொன்னதைக் கேட்டு, குழாய்க்கு ஏன் இத்தனை ஆரவாரம் என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. பிடிப்பதில் கரி சளைத்ததல்ல. பிடித்ததை அறிவிப்பதில்தான் குழாய் தனித்து நிற்கிறது. ஒற்றைச் சுவர்க் குழாயில் எல்லா அணுக்களும் பரப்பு அணுக்களே. அதன் வழியே ஓடும் மின்னோட்டம் முழுவதும் பரப்பிலேயே ஓடுகிறது. ஆகவே பரப்பில் ஒரு மூலக்கூறு வந்தமர்ந்தால் மின்னோட்டத்துக்குத் தெரிந்துவிடும். 2000இல் ஸ்டான்போர்டில் ஹோங்ஜியே டாயின் குழு, குறைகடத்தி வகைக் குழாய் ஒன்றை நைதரசனீரொட்சைட்டு கலந்த வாயுவில் வைத்தது. சில விநாடிகளில் அதன் மின்கடத்தல் ஆயிரம் மடங்கு உயர்ந்தது. அமோனியாவில் வைத்தபோது நேர்மாறாக நூறு மடங்கு வீழ்ந்தது. முதலாவது குழாயிடமிருந்து இலத்திரனை இழுக்கிறது, இரண்டாவது கொடுக்கிறது. கரி அதே நைதரசனீரொட்சைட்டை மிகப் பெருமளவில் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆனால் அதன் தகடுகளின் சிக்கலில் ஒரு மூலக்கூறின் வரவு மின்னோட்டத்தில் பதியாது.

அமோனியாவில் இன்னொரு உடன்பிறப்புச் சாயலும் வெளிப்படுகிறது. வெறும் கரி அமோனியாவை இறுகப் பிடிப்பதில்லை. சிறிய மூலக்கூறு, காபன் தகட்டில் அதற்கு ஒட்டும் இடம் குறைவு. அதனால்தான் சுவாசக் கவசங்களில் அமோனியாவுக்கென்று வேறு பொருளூட்டிய, பச்சை நிறம் பூசிய தனி வடிகட்டி வைக்கிறார்கள். குழாயிலும் நிலைமை அதுவே என்று பின்வந்த கணிப்புகள் காட்டின: பழுதற்ற சுவரில் அமோனியாவின் பிடி மிகப் பலவீனம்; அந்தப் பெரிய சமிக்ஞையில் சுவரின் பழுதுகளுக்கும் உலோக இணைப்புகளுக்கும் பங்குண்டு. ஒழுங்கின் பெயரால் புகழ்பெற்ற உணரி, தன் ஒழுங்கின்மைக்கும் நன்றி சொல்ல வேண்டியிருக்கிறது.

பெரிய மூலக்கூறுகளிடம் இரண்டும் பிரிகின்றன. கரியின் பரப்பு துளைக்குள் ஒளிந்திருக்கிறது. துளைவாயில் நுழைய முடியாதவற்றுக்கு அது இல்லாததற்குச் சமம். அதனால் கரி வணிகத்தில் அயடின், மெத்திலீன் நீலம், வெல்லப்பாகு என்று சிறிதிலிருந்து பெரிதாக மூன்று பொருட்களால் துளைகளைச் சோதிக்கிறார்கள். சிரட்டைக் கரி முதற்சோதனையில் சிறக்கும், மூன்றாவதில் பின்தங்கும். குழாயின் வெளிப்பரப்போ திறந்த வெளி. தட்டையான வளையங்களைக் கொண்ட பைரீன் அதில் படிந்து ஒட்டிக்கொள்ளும். பைரீனின் வாலில் புரதத்தைக் கட்டிக் குழாயில் நிறுத்தலாம் என்று 2001இல் டாயின் குழுவே காட்டியது. டிஎன்ஏ இழை குழாயைச் சுற்றிக்கொள்ளும். டூபொன் நிறுவனத்தில் மிங் செங்கின் குழு 2003இல் அதைக் காட்டியது. 2009இல் அதைவிட நுட்பமான ஒன்றைக் கண்டது. குறிப்பிட்ட எழுத்து வரிசை கொண்ட குறுகிய டிஎன்ஏ, குறிப்பிட்ட சுருட்டுக்கோணம் கொண்ட குழாயை மட்டும் தேர்ந்து பிரித்தெடுக்க உதவுகிறது. ஆளறிந்து பிடிக்கும் இந்த நுட்பம் கரிக்கு வராது. கரி அளவையும் தட்டைத்தன்மையையும் மட்டுமே பார்க்கும்.

ஆனாலும் கரியின் தேர்வுக்கு ஒரு பொன்னான விதிவிலக்கு உண்டு, சொல்லின் நேர்ப்பொருளில். அரைத்த தாதுவைச் சயனைட்டுக் கரைசலில் கரைத்து, கரைந்த பொன்னைச் சிரட்டைக் கரியில் ஒட்டவைத்து, பிறகு சூடான காரக் கரைசலால் கழுவி மீட்பது இன்று உலகச் சுரங்கங்களில் பரவலான முறை. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் சுரங்கம் 1973இல் இதைப் பேரளவில் நிறுவியது. அதே 1973இல்தான் கொழும்பில் ஹேய்லிஸ் குழுமம் ஹேகார்ப் நிறுவனத்தைத் தொடங்கியது. மாதம்பையிலும் படல்கமவிலும் ஆலைகள் எழுந்து, சிரட்டைக் கரி துறைமுகம் வழியே உலகெங்கும் போயிற்று. கொட்டாஞ்சேனைக்கு அருகே அந்தத் துறைமுகம். துறைமுகத்துக்குப் பின்னால் செட்டியார் தெரு நகைக்கடைகள். அங்கே விற்கும் சங்கிலி ஒன்றின் பொன், ஒருகாலத்தில் எங்கோ ஒரு சுரங்கத்தில் தேங்காய்ச் சிரட்டையில் ஒட்டிக் கிடந்திருக்கலாம். ஆடிவேல் தேர் அத்தெருவிலிருந்து புறப்பட்டுக் காலி வீதியில் வரும்போது உடைபடும் தேங்காய்களைப் பார்க்கையில் எனக்கு இந்த நினைப்பு வருவதுண்டு.

வேதிப் பிணைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஈயம், கட்மியம் போன்ற உலோக அயன்களை அறுகோணத் தகடு அவ்வளவாகப் பொருட்படுத்தாது. அவற்றைப் பிடிப்பவை விளிம்பில் உள்ள காபொட்சைல் போன்ற ஒட்சிசன் கூட்டங்கள். கரியில் அவை இயல்பாகவே உண்டு. குழாயிலோ நைத்திரிக் அமிலத்தில் காய்ச்சி, முனைகளையும் சுவரையும் ஊறுபடுத்தி அவற்றை உண்டாக்க வேண்டும். இரண்டிலும் அவற்றை எண்ணப் பயன்படுவது போம் தரம்பார்ப்பு என்னும் ஒரே முறை. கரிக்கு இதனால் இழப்பு பெரிதில்லை. குழாயின் சுவரில் ஒவ்வொரு பங்கீட்டுவலுப் பிணைப்பும் இலத்திரன் ஓடும் பாதையில் ஒரு தடை. கூடப் பிடித்தால் குறையச் சொல்லும். குழாயின் பேரம் அது.

யார் யாரைப் பிடிக்கிறார்கள் என்ற கேள்வியும் ஆற்று நீரில் எழுகிறது. களனி ஆறு மழைக்காலத்தில் கபில நிறமாக வரும்போது இலைமக்கிலிருந்து கரைந்த பெரிய அமில மூலக்கூறுகளையும் சுமந்து வருகிறது. கரி வடிகட்டியில் அவை துளைவாயை அடைத்து அதன் ஆயுளைக் குறைக்கின்றன. கரி அப்போதும் தன் இடத்தில் கிடக்கும். குழாயோடு அதே மூலக்கூறுகள் சேர்ந்தால், அவை குழாயைப் போர்த்தி நீரில் மிதக்கவைத்து இழுத்துச் சென்றுவிடுகின்றன. பிடிக்க வந்தது பிடிபட்டுப் போகிறது. நீண்டு விறைத்த பல்சுவர்க் குழாய்கள் எலிகளின் உடலில் கல்நார் இழைகளைப் போன்ற அழற்சியைத் தூண்டியதாக 2008இல் ஆய்வு வந்தது. 2014இல் அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அவற்றில் ஒரு வகையை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்ற பட்டியலில் சேர்த்தது. குடிதண்ணீரை வடிகட்டத் தளர்ந்த நனோக் குழாய்த் தூளை முன்மொழிவோரை நான் ஐயத்தோடுதான் கேட்பேன்.

ஒழுங்கான குழாய் புதுமை, கரி பழமை என்றும் எளிதில் பிரிக்க முடியாது. கீழடி அகழ்வில் கிடைத்த பானையோடுகளின் கறுப்புப் பூச்சில் காபன் நனோக் குழாய்கள் இருப்பதாக 2020இல் தமிழக ஆய்வாளர்கள் சயன்டிபிக் ரிப்போர்ட்ஸ் இதழில் எழுதினார்கள். குயவர் அதை அறிந்து செய்திருக்க முடியாது. சூளைக்குள் கரி படிந்தபோது அதன் ஒரு பகுதி குழாயாகச் சுருண்டிருக்க வேண்டும். கரியும் குழாயும் ஒரே பூச்சில் 2,500 ஆண்டுகள் சேர்ந்து கிடந்திருக்கின்றன.

இலங்கைக்கு இந்த ஒப்பீடு அயல்வீட்டுச் சங்கதி அல்ல. போகலையிலும் கஹடகஹவிலும் வெட்டியெடுக்கும் காரீயம் இவ்விரண்டுக்கும் தாய்த் தகடு. முதல் உலகப் போர்க் காலத்தில் அதன் ஏற்றுமதி உச்சத்தைத் தொட்டது. 2008இல் நிறுவிய இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகம் அக்காரீயத்திலிருந்து கிரபீன் ஒட்சைட்டு எடுக்கும் வேலையில் இறங்கியது. அந்த நிறுவகத்தோடு தொடர்புடைய கெஹான் அமரதுங்க கேம்பிரிட்ஜிலும், இலங்கையில் பிறந்த ரவி சில்வா சரே பல்கலைக்கழகத்திலும் நனோக் குழாய் ஆய்வில் பெயர் பெற்றவர்கள். குழாய் அறிந்தவர்களும் உண்டு, கரி அறிந்தவர்களும் உண்டு. இவ்விரு கூட்டமும் ஒன்றையொன்று போதிய அளவு சந்திப்பதில்லை என்பது என் ஐயம். கரியில் செறித்து வைத்துக் குழாயால் கண்டறியும் கூட்டுக்கருவி, நகரக் காற்றின் நைதரசனீரொட்சைட்டை அளக்க, இங்கேயே செய்யத்தக்கது.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பள்ளிகளின் உயர்தர இரசாயனவியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆறு குடுவைகளில் வெவ்வேறு செறிவில் அசற்றிக் அமிலக் கரைசல் எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே நிறையுள்ள உயிர்ப்பூட்டிய கரியை இடுங்கள். குலுக்கி, ஒரு மணி நேரம் வைத்து, வடித்து, எஞ்சிய அமிலத்தைச் சோடியம் ஐதரொட்சைட்டால் பினோத்தலீன் காட்டி வைத்துத் தரம் பாருங்கள். பிறகு சாதாரணச் சிரட்டைக் கரியில் அதையே திரும்பச் செய்து இரண்டு வரைபுகளையும் ஒரே தாளில் கீறச் சொல்லுங்கள். செங்குத்தாக ஏறிப் பின் படுத்துவிடும் அந்த வளைகோட்டுக்கு லாங்மூர் 1918இல் எழுதிய சமன்பாட்டைத்தான் நனோக் குழாய் ஆய்வாளர்களும் தங்கள் தரவுகளுக்குப் பொருத்திப் பார்க்கிறார்கள். வேண்டியவை ஓர் அளவி, வடிதாள், கொஞ்சம் கரி. பள்ளி ஆய்வுகூடத்தில் எல்லாம் இருக்கின்றன.